கண்ணாடி ஏற்றிய கார்

"உள்ளங்கையில் அந்தப் பாம்பு சுருண்டு கிடந்தது. ஈரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உலர்ந்த பட்டு நூல்கண்டு மாதிரி இருந்தது. அதன் நாக்கு என் கட்டைவிரலை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனது."

2014இல் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நான் எழுதிய கட்டுரையில் இந்த நான்கு வரிகள் இருந்தன. கட்டுரையைப் படித்தவர்கள் இவற்றைத்தான் எடுத்துச் சொல்லிப் பாராட்டினார்கள். நான்கும் பொய். அந்தப் பாம்பை நான் தொடவில்லை. தொடுகிற தூரத்துக்கே போகவில்லை. கனடாவில் மனிடோபா மாகாணத்து நார்சிஸ் என்ற ஊருக்கு வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில், நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். கதவுகளையும் பூட்டியிருந்தேன். பாம்பு கதவைத் திறக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பூட்டினேன்.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் சொல்லிவிட்டால் மேலே எழுத வராது.

வின்னிபெக்கில் நான் கணக்கு வேலை பார்ப்பவன். எழுத்து சனி ஞாயிறுக்கு. அந்த வருஷம் மே மாதம், மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள் பள்ளியில் கேள்விப்பட்டு வந்து, "பாம்புக் குழிக்குப் போகணும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். வடக்கே சுமார் 130 கிலோமீட்டர். ஏழாம் நெடுஞ்சாலையில் ட்யூலன் வரை போய், அங்கிருந்து பதினேழாம் நெடுஞ்சாலையில் இன்வுட் வழியாகப் போகவேண்டும். இன்வுட்டில் இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு நிற்பதுபோல் பெரிய சிலை வைத்திருக்கிறார்கள். சாம், சாரா என்று பெயர்கூட உண்டு. மகளும் மனைவியும் அதன்மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். சிலைதான் என்று தெரிந்தும் நான் நாலடி தள்ளி நின்றேன். அந்தப் படம் இன்னும் வீட்டில் இருக்கிறது. அதிலே நான் யாரோ வழிப்போக்கன் மாதிரி இருப்பேன்.

நான் பிறந்தது மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் திண்ணை மூலையில் பாம்படிக்கிற மூங்கில் கழி எப்போதும் சாத்தியிருக்கும். நல்ல பாம்பை மட்டும் தாத்தா விட்டுவிடுவார். அதற்குப் பால், மஞ்சள், மரியாதை. மற்றபடி சாரையோ தண்ணிப்பாம்போ பச்சைப்பாம்போ, எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு. அடித்த பிறகு கொளுத்த வேண்டும். மண்ணெண்ணெய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என் வேலை. பாம்பு செத்துவிட்டது என்று யாராவது மூன்று முறை சொன்ன பிறகுதான் பக்கத்தில் போவேன்.

ஏன் இவ்வளவு பயம் என்று யாராவது கேட்டால் சித்தப்பா கதையைச் சொல்வேன். தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவரை ராத்திரி கட்டுவிரியன் கடித்தது, விடியுமுன் போய்விட்டார். கேட்பவர் முகம் மாறிவிடும்; அப்புறம் யாரும் கேலி செய்யமாட்டார்கள். நடந்தது உண்மை. ஆனால் நான் பிறப்பதற்கு நான்கு வருஷம் முன்னால் நடந்தது. அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. வேண்டும்போதெல்லாம் அவரை முன்னே நிறுத்திவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். நார்சிஸ் போன அன்றைக்கு அவரைக்கூடக் கூப்பிடவில்லை. முதுகு வலி என்றேன்.

"ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்து இங்கேயே உக்காந்திருக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி. "நீங்க பாத்துட்டு வாங்க" என்றேன். மகள் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தி, "அப்பா, இறங்குங்கப்பா. கடிக்காதாம்" என்றாள். நான் முதுகைத் தடவிக் காட்டினேன்.

அவர்கள் போன பிறகு காருக்குள்ளிருந்து என்ன பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அது ஒன்றுதான் நானே பார்த்தது. சரளைக்கல் தரை. இலை விடாத ஆஸ்பென் மரங்கள். வேலியோரம் காய்ந்த புல். பத்து நிமிஷம் கழித்து அந்தப் புல்லிலிருந்து ஒன்று வெளியே வந்தது. பென்சில் கனம், இரண்டு அடி இருக்காது. கறுத்த முதுகின் நடுவே எலுமிச்சை நிறத்தில் ஒரு கோடு, பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு. செதில்களுக்கு நடுவில் செங்கல் நிறம் விட்டுவிட்டுத் தெரிந்தது. அது என் காரைக் கவனிக்கவே இல்லை. முன்சக்கரத்துக்கு இரண்டடி முன்னால் குறுக்கே போயிற்று. அது அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை நான் இரண்டு கால்களையும் தூக்கி இருக்கைமேல் வைத்துக்கொண்டிருந்தேன்.

அவ்வளவுதான் என் கள ஆய்வு.

மீதி எல்லாம் மகளிடமிருந்து வந்தது. திரும்பி வந்தவள் மூச்சு விடாமல் சொன்னாள். தரையில் பெரிய பள்ளம், அதன் அடியில் பாறைப் பிளவு, தரையே நகர்கிற மாதிரி பாம்பு. காய்ந்த இலை சலசலப்பது போலச் சத்தம், ஆனால் காற்றே இல்லை. ஒரு பெரிய பாம்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் பாம்புகள் பந்தாகச் சுருண்டு, அந்தப் பந்து சரிவில் உருண்டது. "இடியாப்பம் மாதிரி" என்றாள். மனைவி, "இனிமே நான் எப்படிடீ இடியாப்பம் பிழிவேன்" என்றாள். அங்கே வழிகாட்டியாக நின்ற பெண் ஒரு பாம்பை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிவிட்டு மகள் கையில் வைத்தாளாம். ஈரமா இருக்கும்னு நினைச்சேன்பா, இல்லப்பா, டிரையா இருந்துச்சு. நாக்கு இங்க பட்டுச்சு. கட்டைவிரலை நீட்டிக் காட்டினாள்.

அந்தக் கட்டைவிரலைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

அவள் கையிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. அழுகிய வெங்காயமும் மீன் கழுவிய தண்ணீரும் கலந்தது போல. அங்கே இருப்பது கார்ட்டர் பாம்பு என்ற இனம். அதன் வால் அடியில், மலத்துவாரத்துக்குப் பக்கத்தில், இரண்டு சுரப்பிகள் உண்டு. யாராவது பிடித்தால் அந்த நீரையும் எச்சத்தையும் சேர்த்துப் பிடித்தவர் மேலேயே பூசிவிடும். அதற்கு இருக்கும் முதல் பாதுகாப்பு அதுதான். மகள் அதைப் பெருமையாக நீட்டி, "ஸ்மெல் பண்ணிப் பாருங்க" என்றாள். நான் கத்தினேன். பாம்பைத் தொட்ட கையோடு காருக்குள் ஏறுவியா, சீட்டெல்லாம் போச்சு, போய்க் கழுவிட்டு வா. அவள் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். கட்டுரையில் இதெல்லாம் இல்லை. நாற்றமும் இல்லை, என் பட்டு நூல்கண்டுக்கு அது பொருந்தவில்லை.

அந்த ராத்திரியே உட்கார்ந்து எழுதினேன். தலைப்பு "ஒரு லட்சம் பாம்புகளின் கல்யாணம்". லட்சம் என்பது நான் வைத்த எண். பல்லாயிரம் என்று எழுதினாலே போதுமானது. உலகத்தில் வேறெங்கும் ஓரிடத்தில் இத்தனை பாம்புகள் கூடுவதில்லை என்பது நிஜம். ஆனால் பொய் சொல்ல உட்கார்ந்துவிட்டால் எண்களும் பெருத்துவிடுகின்றன. படையே நடுங்கும் என்ற பழமொழியையும் முதல் வரியில் போட்டேன். படை வரைக்கும் போவானேன், கட்டுரையாளனே நடுங்கிக்கொண்டிருந்தான்.

இப்போது நிதானமாகச் சொல்கிறேன். அங்கே நடப்பது பொய் கலக்காமலே போதுமான அதிசயம்.

மனிடோபாவின் அந்தப் பகுதி இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவில் கிடக்கிற தட்டை நிலம். மேல்மண் கொஞ்சம்தான், அடியில் சுண்ணாம்புக்கல். மழைநீரும் பனிநீரும் காலகாலமாகக் கரைத்துக் கரைத்து அந்தப் பாறைக்குள் பொந்துகளும் பிளவுகளும் உண்டாகிவிட்டன. சில இடங்களில் கூரை இடிந்து பள்ளமாகியிருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே சில நாள் குளிர் மைனஸ் நாற்பது வரைகூட இறங்கும். தரை பல அடி ஆழத்துக்கு உறைந்துவிடும். உறைபனி எட்டாத ஆழத்துக்குப் போக வழி உள்ள இடங்கள் சிலதான் என்பதால், சுற்றுவட்டாரத்துப் பாம்பெல்லாம் அந்தச் சில பிளவுகளுக்கே வந்து சேருகின்றன. ஒன்றின்மேல் ஒன்று கிடந்தே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. சாப்பாடு கிடையாது. 1999இல் வந்த கடுங்குளிரில் பல்லாயிரக்கணக்கில் மடிந்தன. எண்ணிக்கை தேறப் பல வருஷம் பிடித்தது.

ஏப்ரல் கடைசியில் வெயில் ஏற ஏற முதலில் ஆண்கள் வெளியே வரும். வந்து, போகாது. குழி வாசலிலேயே காத்திருக்கும். பெண்கள் ஒவ்வொன்றாக, சில வாரங்களுக்குள் விட்டுவிட்டு வரும். பெண் ஆணைவிட நீளம், பருமன். ஒரு பெண் தலை நீட்டினால் பத்து, இருபது, சில வேளை நூறு ஆண்கள் வரை அதைச் சூழ்ந்துகொள்ளும். அதுதான் மகள் சொன்ன இடியாப்பம். நான் இந்த இடத்தில் "ஆண்கள் ஒன்றையொன்று சாய்க்க மூர்க்கமாகப் போரிடுகின்றன" என்று எழுதினேன். எங்கிருந்து எடுத்தேன் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊர் வயல்வெளியில் இரண்டு பாம்புகள் நிமிர்ந்து பின்னிக்கொண்டு நின்றால் சாரையும் நல்ல பாம்பும் பிணைகின்றன என்பார்கள். மேலே வெள்ளை வேட்டியை வீசி, பிறகு அதை எடுத்துப் பெட்டியில் வைத்தால் வீட்டில் செல்வம் தங்கும் என்பார்கள். உண்மையில் அவை இரண்டும் ஆண் சாரைகள். ஒன்றையொன்று அழுத்திப் பலம் பார்க்கின்றன. அதைப் படித்துத் தெரிந்து வைத்திருந்த மிதப்பில், கார்ட்டர் பாம்பும் அப்படித்தான் என்று அளந்துவிட்டேன். கார்ட்டர் பாம்பில் ஆண்களுக்குள் சண்டையே கிடையாது. கடிப்பதில்லை, மல்லுக்கட்டுவதில்லை. தாடையைப் பெண்ணின் முதுகோடு அழுத்தித் தேய்த்துக்கொண்டு, நாக்கை நீட்டி நீட்டி, தன் வால் அவள் வாலோடு பொருந்துகிற நேரத்துக்காக முண்டியடிக்கும். நம் ஊரில் தீபாவளிக்கு முதல் நாள் பஸ் ஏறுகிற மாதிரி. யாரும் யாரையும் அடிப்பதில்லை, ஆனால் எல்லாருக்கும் அந்த ஒரு சீட்டுதான் வேண்டும்.

ஆணுக்கு அது பெண் என்று எப்படித் தெரிகிறது? நாக்கில்தான். பெண்ணின் தோல் மேல் இருக்கும் கொழுப்பில் மெத்தில் கீட்டோன்கள் என்ற வேதிப்பொருள்கள் உண்டு. 1989இல் ராபர்ட் மேசன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் இதைக் கண்டுபிடித்து 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அதற்கு நான்கு வருஷம் முன்பே, 1985இல், மேசனும் டேவிட் க்ரூஸும் இன்னொன்றைக் கவனித்திருந்தார்கள். சில ஆண்கள் பெண்ணின் வாசனையை விடுகின்றன. மற்ற ஆண்கள் அவற்றையும் சூழ்ந்துகொள்கின்றன. என் கட்டுரையில் இந்த ஆண்களுக்கு "மோசடிக்காரர்கள்" என்று பட்டம் சூட்டி ஒரு பத்தி முழுக்க நையாண்டி செய்திருந்தேன். மகளின் கட்டைவிரலைத் திருடிக்கொண்டு வந்து அந்தப் பத்தியை எழுதியிருக்கிறேன் பாருங்கள்.

அதிலும் விஷயம் நான் எழுதியபடி இல்லை. 2001இல் ரிச்சர்ட் ஷைன் குழுவினர் 'நேச்சர்' இதழில் சொன்னது வேறு. மாதக்கணக்கில் குளிரில் கிடந்து அப்போதுதான் வெளியே வந்த ஆண், சில்லிட்டு, வேகமாக நகர முடியாமல் இருக்கிறது. மேலே காகங்கள் காத்திருக்கின்றன. பெண் வாசனை வந்தால் வெயிலில் சூடேறிய மற்ற ஆண்கள் வந்து மேலே படர்கின்றன. அவற்றின் சூட்டில் இது சீக்கிரம் சூடேறுகிறது, கூட்டத்துக்குள் ஒளிந்தும் கொள்கிறது. ஒன்றிரண்டு நாளில் தெம்பு வந்ததும் அந்த வாசனையும் போய்விடுகிறது. குளிருக்குப் போர்வை கேட்டவனை மோசடிக்காரன் என்றிருக்கிறேன்.

பெண்ணைப் பற்றியும் ஒன்று. சேர்க்கை முடிந்ததும் ஆண் ஒரு பசைபோன்ற அடைப்பை உள்ளே விட்டுவிட்டு விலகும். பெண் நின்று பார்ப்பதில்லை. நேரே சதுப்பு நிலத்தைப் பார்த்துப் போய்விடும். ஆண்கள் இன்னும் சில நாள் பட்டினியோடு குழியைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். 1970களில் பேட்ரிக் கிரிகரியும் ஸ்டூவர்ட்டும் பாம்புகளுக்கு அடையாளமிட்டுத் தேடிப் பார்த்தபோது, சில குழியிலிருந்து 17 கிலோமீட்டருக்கு மேலே கிடைத்தன. காலில்லாத உடம்பு, நம் முழங்கை நீளம், அத்தனை தூரம் போய்த் தவளையும் மண்புழுவும் அட்டையும் தின்று, ஆகஸ்ட் வாக்கில் குட்டி போட்டு, செப்டம்பரில் அதே குழிக்குத் திரும்பி வரும். முட்டை கிடையாது, குட்டிதான். ஒரு ஈட்டுக்குப் பத்து முதல் நாற்பது வரை. நம் ஊர்க் குளத்துத் தண்ணிப்பாம்பும் இதுவும் ஒரே கிளைதான், ஆனால் அது முட்டையிடும். அமெரிக்கக் கண்டத்துப் பங்காளிகளெல்லாம் குட்டி போடுகிறார்கள். தாத்தா அடித்துக் கொளுத்தியவற்றில் பாதி இந்தப் பாம்பின் ஒன்றுவிட்ட உறவுகள்.

கட்டுரை வந்து ஒரு மாதம் கழித்துப் பத்திரிகை மூலமாக ஒரு கடிதம் வந்தது. விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நீல மையில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தார். கட்டுரை அருமை என்றார். "இந்த இனம் கையில் எடுத்தவுடன் ஒரு நாற்ற நீரைக் கழிக்கும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். நேரில் அனுபவிக்கும் பாக்கியம் எனக்கு இல்லை. அது எந்த மாதிரி நாற்றம் என்று ஒரு வரி எழுதினால் மகிழ்வேன்." அவ்வளவுதான். சந்தேகப்பட்டு எழுதியிருந்தால் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவர் நம்பிக் கேட்டார். நான் பதில் போடவில்லை. பிடித்தவன் முதலில் எழுதவேண்டிய வரி அது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ஐயா, அழுகிய வெங்காயமும் மீன் கழுவிய தண்ணீரும். ஆனால் என் கையில் இல்லை.

இனிப் பெரியதுக்கு வருகிறேன்.

பதினேழாம் நெடுஞ்சாலை அந்தக் குழிகளுக்குப் பக்கத்தில் போகிறது. வசந்தத்தில் போகும்போதும் இலையுதிர் காலத்தில் திரும்பும்போதும் பாம்புகள் அதைக் குறுக்கே கடக்க வேண்டும். ஒரு காலத்தில் வருஷத்துக்குப் பத்தாயிரம் வரை சக்கரத்தில் செத்துக்கொண்டிருந்தன. பிறகு மாகாண அரசும் மனிடோபா ஹைட்ரோ என்ற மின் நிறுவனமும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து சாலைக்கு அடியில் சிறு குழாய்களைப் பதித்தார்கள். இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குத் தடுப்பு வேலி. பாம்பு வேலியோடே ஊர்ந்துபோய்க் குழாய்க்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறும். சாவு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் எல்லாப் பாம்பும் குழாய் வழியே போவதில்லை. வேலி முடிகிற இடத்துக்கு அப்பாலும் சாலை இருக்கிறதே.

இதையெல்லாம் கட்டுரையில் உருக்கமாக எழுதினேன். "ஒரு நொடி வேகத்தைக் குறைக்க மனமில்லாத ஓட்டுநர்கள்" என்று ஒரு வாக்கியமும் போட்டேன்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது, நார்சிஸைத் தாண்டி ஐந்தாறு நிமிஷம் இருக்கும். மனைவி தூங்கியிருந்தாள். சாலை நடுவே ஒன்று கிடந்தது. கிளை என்று நினைக்க வாய்ப்பே இல்லை. மஞ்சள் கோடு வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. பெரியது, ஆகவே பெண். பின்னாலிருந்து மகள், "அப்பா, பாம்பு, நிறுத்துங்க" என்றாள். எதிரே வண்டி இல்லை, பின்னால் வண்டி இல்லை. நிறுத்த நேரம் இருந்தது. ஒதுங்கிப் போக முழுச்சாலை இருந்தது. நிறுத்தினால் அவள் இறங்குவாள், அதைக் கையில் எடுப்பாள், என்னையும் இறங்கச் சொல்வாள் என்று தோன்றியது. ஒதுக்கினால் அது சக்கரத்தில் சுற்றிக்கொண்டு மேலே ஏறிவரும் என்றும் தோன்றியது. அந்த நேரத்தில் மூளை அப்படித்தான் வேலை செய்தது. பிரேக்கில் இருந்த காலை எடுத்து ஆக்ஸிலரேட்டரில் வைத்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை: தெரியாமல் அழுத்தவில்லை.

சத்தம் கேட்கவில்லை. சக்கரம் லேசாக எதையோ உணர்ந்தது, வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் புரியும். "தப்பிச்சிடுச்சும்மா, நடுவுல விட்டுட்டேன்" என்றேன். பின்பக்கம் பெல்ட் உரசும் சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். அவள் திரும்பி உட்கார்ந்து பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்துத்தான் முன்பக்கம் திரும்பினாள். ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ஓட்டுநர்களைக் கண்டித்து எழுதினேன்.

எழுதும்போது எனக்கு ஒரு தைரியம் இருந்தது. மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்த்து இரண்டு தரம் நின்றுபோயிருந்தது. மூன்றாம் தரம் சேர்ப்பதை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததற்கு இந்தக் கட்டுரையும் ஒரு காரணமோ என்று மனைவி கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். என்னிடமே கேட்டுக்கொண்டால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அவளாகவே பதினான்கு வயதில் மறுபடி சேர்ந்து எழுத்துக்கூட்டப் படித்தாள். அடுத்த வருஷம் வகுப்பில், வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு தமிழ்க் கட்டுரையைப் படித்துவந்து சொல்லச் சொன்னார்கள். அப்பா எழுதியதுதான் இருக்கிறதே. சாப்பாட்டு மேசையில் பத்திரிகையை விரித்து, வரிக்கு அடியில் விரலை வைத்துப் படித்தாள். உள்...ளங்...கையில். நான் எதிரே தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நான்கு வரியையும் படித்து முடித்து நிமிர்ந்தாள்.

"அப்பா, இந்த 'நான்' யாரு?"

"கட்டுரைன்னா கொஞ்சம் அப்படி இப்படித்தாம்மா இருக்கும்."

சரி என்று தலையாட்டினாள். பக்கத்தைத் திருப்பினாள். சாலையைப் பற்றிய பத்தியை மெதுவாகப் படித்தாள். "அன்னிக்கு அந்தப் பாம்பு தப்பிச்சிடுச்சுன்னு சொன்னீங்கல்ல?" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. ஆமா என்றேன். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் பயத்தில் சொன்னது முதல் பொய். பதினைந்து வயதுப் பெண்ணிடம், சாதத்தைப் பிசைந்துகொண்டே, நிதானமாகச் சொன்னது இரண்டாவது. எது மோசம் என்று கேட்டால் இரண்டாவதுதான்.

வகுப்புக்கு அவள் வேறு ஏதோ சமையல் குறிப்பை எடுத்துக்கொண்டு போனாள்.

2023 மே மாதம் அவளே வண்டி ஓட்டிக்கொண்டு என்னை அழைத்துப் போனாள். இந்த முறை இறங்கினேன். வீரம் ஒன்றும் இல்லை. கதவைத் திறந்து முதலில் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தேன். நான்கு குழிகளையும் இணைக்கிற பாதை மூன்று கிலோமீட்டர். ஒரு குழிவரை போனேன். கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சலசலப்பு அவள் சொன்ன மாதிரியேதான் இருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு காகம் ஒரு பாம்பைக் காலில் அழுத்திப் பிடித்து, வயிற்றில் ஓரிடத்தில் கொத்தி, சின்னதாகக் கருஞ்சிவப்பில் எதையோ உருவி விழுங்கிவிட்டுப் பறந்தது. ஈரல் மட்டும். மீதியைத் தொடவில்லை. பாம்பு இன்னும் நெளிந்துகொண்டிருந்தது. அப்போது ஏதோ என் செருப்பைக் கடந்து போயிற்று. நான் போட்ட சத்தத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கூட்டமே திரும்பிப் பார்த்தது. மகள் எனக்குப் பதிலாக மன்னிப்புக் கேட்டாள். ஒன்றைக் கையில் எடுத்து, நீட்டவில்லை, சும்மா காட்டினாள். நான் கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

திரும்பும்போது அந்த இடம் வந்தது. எனக்கு நினைவிருக்கும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் இருந்தது. அவளுக்கும்.

"நான் அன்னிக்குத் திரும்பிப் பாத்தேன்பா."

"தெரியும்" என்றேன்.

அதற்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லை. இன்வுட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தினாள். எதிர்ப்பக்கத்துச் சக்கரத் தடத்தில் ஒன்று நீளமாகக் கிடந்தது. "நான் போய் அதை ஓரமா விடறேன். நீங்க இறங்கிப் பின்னாடி வர்ற வண்டிக்குக் கை காட்டுங்க" என்றாள். இறங்கினேன். அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான். தூரத்தில் ஒரு பிக்கப் வந்துகொண்டிருந்தது. கையைத் தூக்கினேன். அது நின்றது. தொப்பி போட்ட கிழவர் தலையை வெளியே நீட்டி என்ன என்று கேட்டார். பாம்பு என்றேன். "அப்படியா" என்று என்ஜினை அணைத்துவிட்டார்.

மகள் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். வெயிலில் தார் நன்றாகச் சூடேறியிருந்தது. பாம்புக்கு அங்கிருந்து போக மனமில்லை.